ஈர எடை

அறுவை வார்டிலிருந்து ஃபோன்.
"பத்தாம் நம்பர் கட்டில். கால் எடுக்கணும், மாட்டேங்கிறார்.
முடிவெடுக்கிற புத்தி இருக்கான்னு பாருங்க மேடம்.
பத்து மணிக்கு தியேட்டர் காலி."

நேற்று சாயங்காலமே பார்த்தேன்.
காய்ச்சல் நூற்று மூன்று.
என்ன கிழமை என்றேன், ராணிப்பேட்டை என்றார்.
மூன்று சொல் கொடுத்தேன்: சாவி, மாம்பழம், ரயில்.
திருப்பிக் கேட்டபோது
யாருடைய மாம்பழம் என்று கோபித்துக்கொண்டார்.
"இல்லை" என்று அப்போதே எழுதியிருக்கலாம்.
பேனாவைத் திறந்தும் விட்டேன்.
ஏனோ "காலையில் மறுபடி" என்று கிறுக்கிவிட்டு
பொழுது சாய்ந்தும் சூடு இறங்காத ஆற்காடு சாலையில்
ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

இன்று ஜுரம் விட்டிருக்கிறது.
பேர்?
ஏசுபாதம்.
"பேர்லயே கால் கீது, அதான் வுட மனசில்ல."
சிரித்தார். நானும் சிரித்தேன்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

வேலை?
மேல்விஷாரத்தில் தோல் தரம் பிரிப்பது, முப்பத்தோரு வருஷம்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் தடவி,
உண்ணி கடித்த வடு, முள் கீறல், உரிக்கும்போது கத்தி தவறிய இடம்.
ஒன்று முதல் ஆறு வரை ரகம். அதற்குக் கீழே கழிவு.
"உங்க பேப்பர்ல எத்தினி ரகம்மா?"
ரெண்டு. உண்டு, இல்லை.
"ரெண்டே வச்சிக்கினு எப்டிமா பிரிக்கிறது?"

காலைப் பற்றிச் சொல்லச் சொன்னேன்.
"அழுவுது. எனக்குத் தெரியாத நாத்தமா?
வெட்டலன்னா மேல ஏறும், ரத்தத்துல கலக்கும், செத்துடுவேன்."
வெட்டினால்?
"பத்துல ஏழு பேரு பொழைக்கிறாங்கன்னு சொன்னாரு."
அப்புறம் ஏன்?
"மச்சான் தேவசகாயத்துக்கு மொதல்ல வெரலு.
அப்றம் கணுக்காலு. அப்றம் முட்டி.
தவணையில செத்தான்மா.
நான் ஒரே தபா கட்டிடறேன்."
பிறகு, நான் கேட்காமலே,
சாவி, என்றார். மாம்பழம். ரயில்.
"நேத்து சொன்னியே."

புரிகிறது. நினைவிருக்கிறது. எடை போடுகிறார்.
நான் போட்டால் தராசு மறுபக்கம் சாயும்.
அது கேள்வியில்லை.
அது கேள்வியில்லை என்று
பதினாறு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

போன ஆடியில் குடியாத்தத்துக்காரி ஒருத்திக்கு
"உண்டு" என்று எழுதி அனுப்பினேன்.
கருமாதிப் பத்திரிகையை அவள் அண்ணன்
என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.
ஒன்றும் பேசவில்லை.
மஞ்சள் தடவாத அந்த அட்டை
இன்னும் இழுப்பறையில் இருக்கிறது, ஸ்டேப்ளருக்கு அடியில்.

"ஈரத்தோலு ஒரு எட, காஞ்சா ஒரு எட" என்கிறார்.
"நேத்து என்ன ஈரத்துல நிறுத்திருப்பீங்க."

வராந்தாவில் அவர் மனைவி எலிசம்மா
என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.
"புத்தி சரியில்லன்னு எழுதிடுமா. ஒரு வார்த்த.
நான் கையெழுத்து போட்டுடறேன்.
நேத்து ஒளறினாரே, நீயுந்தான கேட்ட?"

கேட்டேன்.
பொய்யில்லை அவள் சொல்வது.
பதினைந்து மணி நேரம் பழையது, அவ்வளவுதான்.

"உண்டு."
எழுதி நேரம் போட்டேன்: ஒன்பது நாற்பது.
சர்ஜன் படித்தார், என்னைப் பார்க்கவில்லை.
பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்,
யாரோ ஒரு குடல்வால்.

மத்தியானம் அந்தப் பக்கம் வேலையில்லாமலும் போனேன்.
எலிசம்மா மஞ்சப்பையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தாள்.
தட்டு, டம்ளர், பாதி பிஸ்கட், எக்ஸ்ரே உறை.
கட்டிலுக்கடியில் குனிந்து செருப்பை எடுத்தாள்.
இடது கால் பத்து நாளாக எதற்குள்ளும் நுழையவில்லை.
இரண்டையும் தூசி தட்டி
செய்தித்தாளில் சேர்த்துச் சுற்றினாள்.

"திங்கக்கெழம வந்தா மறுபடி கேப்பியா?"
சுவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.
கேட்பேன், என்றேன்.
கட்டிலில் இருந்தவர்
கண்ணை மூடிக்கொண்டே, "கேக்கட்டும்" என்றார்.