மாதாந்திரப் பராமரிப்பு

எங்கள் முதல் ஆல்பத்தில் மொத்தம் மூன்றே உருப்படி.
மூன்றாவது, இருபத்துமூன்று நிமிஷம்.
கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை
ஆற்றின் எட்டு அணைக்கும் ஒவ்வொரு பகுதி.
ஒத்திகை கேட்க வந்தவர்கள் எல்லாரும்
பாதியில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்:
"இதுல எப்பம்வே பாட்டு வரும்?"

பேட்டையில் மூடிக் கிடந்த தவிட்டு ஆலை.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு.
காலைத் தூக்கி வைத்தால் தும்மல்.

ஜெபக்கனி ஞாயிறுதோறும் பாளையங்கோட்டையில்
கோயில் ஆர்கன் மிதிக்கிறவள்.
இங்கே இரண்டடுக்குக் கீபோர்டில்
நாற்பது வயலின், எட்டுக் கொம்பு,
வாய் திறக்காத ஒரு கொயர்,
அத்தனை பேரையும் விரலில் கட்டியிருந்தாள்.
நைனா முகமதுவின் பெடல்கள்
மேலப்பாளையத்திலிருந்து
பீடி அட்டைப்பெட்டியில் வரும்.
இசக்கிப்பாண்டியின் தாளத்துக்கு ஆவர்த்தனம்
ஏழரை எண்ணிக்கை.
சனி என்றே அதற்குப் பேர் வைத்தோம்.
பிடித்தால் லேசில் விடாது.

நான் பேஸ்.
பகலில் மின்வாரியத்தில் இளநிலை உதவியாளர்.
இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஏனென்றால் பதினேழாவது டேக்கில்,
ஒருவரும் தப்பு விடாத ஒரே டேக்கில்,
பத்தொன்பதாவது நிமிஷம், ஏழாவது அணை, மருதூரில்
நாற்பது வயலினும் சேர்ந்து மதகு தூக்கப்போன நொடியில்
கரண்டு போயிற்று.

பேட்டை துணைமின் நிலையம்.
காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை.
பொதுமக்கள் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொண்ட
அந்த அறிவிப்பைத்
தட்டச்சு செய்தவன் நான்.

லேப்டாப்பில் பேட்டரி இருந்தது.
டிரம்மைச் சுற்றி நாலு மைக்கும் உயிரோடு.
இசக்கிப்பாண்டி நிறுத்தவில்லை,
தோலுக்கு எதற்குக் கரண்டு?
(கண்ணை மூடி அடிக்கிறவன் அவன்.
இருட்டினதே தெரியாது என்று
பிறகுதான் சொன்னான்.)

ஜெபக்கனி ஸ்டூலைத் தள்ளிவிட்டு
மைக் பக்கம் வந்தாள்.
வயலின் வரியை வாயால் எடுத்தாள்,
சொல் ஒன்றும் இல்லாமல்,
எட்டாத உயரத்தில் சிரித்துக்கொண்டே
கீழே இறங்கி, மறுபடி ஏறி.
நைனா கன்னம் உப்பக் கொம்பானான்.
எனக்குத் தொண்டை கிடையாது.
ஒரு தவிட்டு மூட்டையை உதைத்தேன்,
ஏழரைக்கு ஒரு உதை.

அப்படியே ஸ்ரீவைகுண்டம் வரை போனோம்,
நாலு நிமிஷம்.
கடைசிச் சிம்பல் அடங்குகிற இடத்தில்
நைனா தும்முகிறான்.
ஹெட்போனில் நன்றாகவே கேட்கும்.

திரும்ப எடுக்கத்தான் செய்தோம்.
மூன்று வாரம், முழுக் கரண்டில்,
ஒரு வயலின் குறையாமல்.
தண்ணீர்தான் வரவில்லை.

முந்நூறு சிடி அடித்து நூற்றுப்பதினொன்று போயிற்று.
அதில் ஒன்று திரும்பி வந்தது,
பின்பகுதியில் கோளாறு என்ற குறிப்போடு.
எங்கள் உதவிப் பொறியாளரும் ஒன்று வாங்கினார்.
திங்கட்கிழமை என் மேசைக்கே வந்து நின்றார்.
"தம்பி, பத்தொன்பதாவது நிமிஷத்துல
என்னமோ ஆகுதே, என்னது அது?"

"பராமரிப்பு, சார்" என்றேன்.