அனுமதி தேவையில்லை

வியாழன் காலை என் முறை.
ஒன்பது முதல் பன்னிரண்டு வரை
கவுன்சில் தொலைபேசியில் யார் எது கேட்டாலும் பதில்:
வேலி எவ்வளவு உயரலாம்,
கோழிக்கூண்டு ஒரு கட்டடமா.

மெர்வின் ப்ரொதெரோ என்றார்.
சுரங்க வரிசை வீடு, எண் பதினான்கு.
புயலில் நாற்பது ஸ்லேட் ஓடுகள் போயின,
மிச்சத்தை ஆணிகளே கைவிட்டுவிட்டன.
கூரை முழுதும் மாற்ற அனுமதி வேண்டுமா?

வேண்டாம் என்றேன்.
அந்த நாற்காலியில் இருந்து சொல்லக் கிடைக்கும்
ஒரே நல்ல செய்தி.
பழைய சாய்வைவிட
நூற்றைம்பது மில்லிமீட்டர் எழும்பாதவரை
(விரித்த கைக்கு ஒரு சாண்கூட வராது),
வீடு பாரம்பரியப் பட்டியலில் இல்லாதவரை,
பரணில் வௌவால் தூங்காதவரை.

வௌவால் இல்லை. எலி உண்டு.
எலிக்குச் சட்டம் இல்லை என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

"பக்கத்து வீட்டுக்குக் கடிதம் போடுவீர்களே,
ஆட்சேபம் உண்டா என்று?"
விண்ணப்பம் வந்தால்தான் கடிதம்.
"ஓ" என்றார்.
பிறகு,
"நான் விண்ணப்பித்தே தீருவேன் என்றால்?"

பதினோரு வருட வேலையில்
படிவம் கேட்டு யாரும் என்னிடம் கெஞ்சியதில்லை.

பதினாறில் எம்லின். என் தம்பி.
ஒரே முகடு, நடுவில் ஒற்றைச் சுவர்,
அவன் இருமினால் எனக்குத் தூக்கம் போகும்.
எண்பத்தைந்து பிப்ரவரியில்
வேலைநிறுத்தத்தை உடைத்து நான் குழிக்குள் இறங்கினேன்.
இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால்
எல்லோரோடும் இறங்கியிருப்பேன்.
அன்றிலிருந்து பேச்சில்லை.
கவுன்சில் முத்திரை போட்ட உறை என்றால்
பிரித்தாவது பார்ப்பான்.

தொலைபேசிக்குள் மழை கேட்டது.
மழையில்லை, வாளி.

விதியில் இல்லாததைச் சொன்னேன்:
முகட்டு ஓடு ஒன்று
பாதி உங்கள் பக்கம், பாதி அவர் பக்கம் கிடக்கும்.
அதைத் தூக்க என்னைக் கேட்டுப் பயனில்லை.

வாளி இன்னும் கொஞ்சம் நிரம்பியது.
நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

குறிப்பேட்டில் எழுதினேன்: கூரை. தேவையில்லை.

ஏப்ரலில் யாருடைய கார் கொட்டகையையோ அளக்க
அந்தத் தெரு வழியே போனேன்.
பதினான்கில் சாரம் கட்டியிருந்தது.
அதன் ஒரு கால்
பதினாறின் லீக்ஸ் பாத்தியில்.
கால் ஊன்றிய இடத்து லீக்ஸைப் பிடுங்கி,
வேர்மண்ணோடு ஒரு சாக்கில் திணித்து,
பதினான்கின் வாசற்படியில் போட்டிருந்தது.

கொடுத்ததா எறிந்ததா,
வண்டியிலிருந்து தெரியவில்லை.