சின்ன லீவர்

தரையிலிருந்து மூன்று கம்பிகள்.
இரண்டுக்குத் தலை இருந்தது.
நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற குட்டைக் கம்பி மட்டும்
மொட்டையாக, எவரோ சுற்றிவிட்ட
கறுப்பு இன்சுலேஷன் டேப்போடு.

ஏலக் காகிதத்தில் ‘ஓடும் நிலையில் இல்லை’ என்றிருந்தது.
நிற்கும் நிலையிலும் இல்லை என்பதை
ஆதம்பாக்கத்தில் இறக்கும்போதுதான் பார்த்தேன்.

ஆதம்பாக்கத்துல எதுக்குடி ஃபோர் வீல்?
மஸ்கட்டிலிருந்து எட்வின்.
பரங்கிமலை பக்கம்தானே என்றேன்.
அதுக்குப் படிக்கட்டு இருக்கே என்றான்.

நான் பல் கட்டுகிறவள்.
வாய் எதையும் பார்த்ததில்லை. அச்சு மட்டும் வரும்,
பெயர்ச்சீட்டு ஒட்டிய பிளாஸ்டர் தாடைகள்.
முகம் தெரியாத ஒருவரின் கடிக்காக
அரை மில்லிமீட்டரைப் பகலெல்லாம் தேய்த்துவிட்டு
இரவு ஒன்பதுக்கு
அதே விரல்களில் உப்புத்தாள்.

மேலே வெள்ளை, கல்யாண மண்டபத்துச் சுவர் போல.
அதன் கீழே மஞ்சள்.
அதற்கும் கீழே, காக்கி என்று சொல்லிவிட முடியாத ஒரு பச்சை.
இடது தகட்டில், மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில்
‘சுப் புழு ஒழிப்பு’ என்று எழுத்துகள் வந்தன.
முதல் எழுத்தை நான்தான் தேய்த்துத் தொலைத்திருக்கிறேன்.
அந்தத் தகட்டை விட்டுவிட்டு
மூன்று நாள் மற்றதையே சுற்றிச் சுற்றி வந்தேன்.
கணுக்காலில் கடித்துக்கொண்டே இருந்தது,
ஒழியாத கொசு.

சங்கச் செயலாளர் கஸ்தூரிரங்கன் கடிதம் போட்டார்:
வாகனம் நிறுத்துமிடத்தில் வாகனம் மட்டுமே நிறுத்தலாம்.
இதுவும் வாகனம்தான் சார்.
இப்பவா? என்றார்.
நியாயமான கேள்வி.
எஞ்சின் அப்போது பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தது,
சக்கரங்கள் பால்கனியில்,
கார்புரேட்டர் இட்லிப் பானையில்
வெந்துகொண்டிருந்தது.

அடியில் மல்லாந்து படுத்த பிறகுதான் தெரிந்தது,
முன்பக்க ஷாஃப்டே இல்லை.
கம்பியை எவ்வளவு தள்ளினாலும்
அது யாரையும் கூப்பிடவில்லை.
புதுப்பேட்டையில் இத்ரீஸ் உதட்டைப் பிதுக்கினார்.
ஏழு மாதம் பிதுக்கினார்.
பிறகு ஒரு மத்தியானம் போன்:
உன் ஷாஃப்டு பொன்னேரியாண்ட
கரும்பு பிழிஞ்சிக்கினு கீதும்மா.

போனேன். பிழிந்துகொண்டுதான் இருந்தது.
செல்லக்கிளி மிஷினை நிறுத்தவே இல்லை.
இது நின்னா என் அடுப்பும் நிக்கும், சொல்லிட்டேன்.
வேறொரு ஷாஃப்ட் வாங்கிப் பொருத்தி,
ஒரு நாள் வியாபாரத்துக்கும் கணக்குத் தீர்த்து,
இரண்டு கிளாஸ் குடித்து,
ஆட்டோவில் குறுக்கே கிடத்திக் கொண்டுவந்தேன்.
கிரீஸுக்குள் சர்க்கரை.
விடிவதற்குள் எறும்பு.
மாடிப்படி வரை எறும்பு.
அதற்கும் ஒரு கடிதம் வந்தது.

குமிழ் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை.
பெரிய லீவரின் தலையை அச்செடுத்து
பல்செட்டுக்கு ஊற்றுகிற அக்ரிலிக்கில் வார்த்தேன்.
திருமதி ஹேமலதா, மேல் தாடை,
அவருக்குக் கலந்ததில் மிச்சம்.
எவ்வளவு மெருகேற்றியும் அது ஈறுதான்.
ரோஸ் நிறம், மெல்லிய சிவப்பு நரம்புகளோடு.
படம் அனுப்பினேன். எட்வின்
ரொம்ப நேரம் ‘டைப்பிங்’ காட்டி
ஒன்றும் அனுப்பவில்லை.

ஐப்பசி, விடியற்காலை மூன்றே முக்கால்.
மழைநீர் வடிகாலுக்குத் தெருவைத் தோண்டிப் போட்டு
இரண்டு மாதம்.
உண்மையான மேடு இல்லை, உண்மையான பள்ளமும் இல்லை,
குழைந்த களிமண், இரண்டு பலகை, ஒரு சிவப்பு ரிப்பன்.
பின்சக்கரம் வழுக்கி
அங்கேயே சுற்றிக் கத்தியது.
ஈறு நிறக் குமிழில் உள்ளங்கை வைத்துத் தள்ளினேன்.

பெரிய சத்தமில்லை.
மேல் தாடையும் கீழ்த் தாடையும்
முதல் தடவை சரியாகக் கடிக்கும்போது
மேசை மேல் கேட்குமே, அந்தச் சின்ன ‘டக்’.
முன்சக்கரங்கள் மண்ணைப் பிடித்தன.

பால் பூத் வரை போனேன். இன்னும் திறக்கவில்லை.
திரும்பி வந்தபோது
பல் தேய்க்கும் பிரஷோடு பால்கனியில் கஸ்தூரிரங்கன்.
வாயில் நுரை இருந்ததால்
சொன்னது எனக்குப் புரியவில்லை.

அந்த ஒரு தகட்டுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.
வண்டி நின்ற இடத்தில்
ஐந்து ரூபாய் அகலத்துக்கு ஒரு எண்ணெய்ச் சொட்டு.
எங்கிருந்து என்று
படுத்துப் பார்க்க வேண்டும்.