மேட்டுப்பாதை இன்று கிடையாது

பீடோர், பழைய பால்கொட்டாய், காலை ஏழு.
பதினொரு பேர், புதுச் சப்பாத்துகள்.
தலைக்கு நாற்பது வெள்ளி வாங்கி
கணக்கையும் சொல்லிவிடுகிறேன்:
பதினைந்து தனபாக்கியம் வீட்டுச் சோற்றுக்கு,
பத்து ஆற்றோரக் கன்றுகளுக்கு,
மிச்சம் என் முழங்காலுக்கு.

மேட்டுப்பாதை இன்று கிடையாது.
மரப்பொந்தில் இருவாச்சி
தன்னை உள்ளே வைத்துப் பூசிக்கொண்டாள்.
அத்திப்பழம் கொண்டுபோகிறவன்
ஆளைக் கண்டால் திரும்பிவிடுவான்.

‘காசு கொடுத்தோமே’ என்றார் தொப்பிக்காரர்.
பேறுகால விடுப்பு சார்,
நான் பால்மரம் சீவியபோது கிடைத்ததைவிடக்
கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

செம்பனை நிழலில் சுற்றி நடந்தோம்.
அட்டைக்கு உப்பு கேட்டார்.
நகத்தால் தள்ளினால் போதும் என்றேன்.

சோற்றில் கை வைத்தபோது
கூரைக்கு மேல், லோரி
காற்றுப் பிரேக் விட்டதுபோல், சிறகு.
தொப்பிக்காரர் நிமிர்வதற்குள் போயிற்று.

‘வாயில் பழம் இருந்தது’ என்றாள் தனபாக்கியம்,
அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றியபடி.