ஆட்சேபணைக்குப் பதினைந்து நாள்

புயல் போன மூன்றாம் வாரம்
வாலி அலுவலக வெளிச்சுவரில்
நிவாரணப் பட்டியலை ஒட்டினார்கள்.
பதினோரு தாள். மூலைக்கு மூலை பச்சை டேப்.
பெயர், தோட்ட எண், செத்த பேரீச்சை, செத்த ஆடு,
மோட்டார் உண்டா போயிற்றா,
கடைசிக் கட்டத்தில் ரியால்.

அதில் பாதிக்கு மேல் நான் தட்டியது.
காபூராவில், சலூனுக்கும் டயர் கடைக்கும் நடுவே
எங்கள் டைப்பிங் சென்டர்.
விண்ணப்பம் ஒன்றுக்கு அரை ரியால்.

அரபி வலமிருந்து ஓடும்.
எண் வந்தால் மட்டும் கர்சர்
சட்டென்று திரும்பி நின்று
இடமிருந்து நடக்கும்.
ஒன்பது வருடமாய் அந்தத் திரும்பலைப் பார்க்கிறேன்.
சொன்னதை அடிப்பேன்.
மெய்யா என்று கேட்பதற்கு
அரை ரியாலில் இடமில்லை.

ஹமூத் பின் சுலையம் வந்த அன்று
செருப்பில் சேறு காயவில்லை.
எத்தனை மரம் என்றேன்.
அவர் சங்கையாவைப் பார்த்தார்.
சங்கையா கண்ணை மூடிக்கொண்டு
வாய்க்கால் வாய்க்காலாக நடந்தான்.
கிணத்துப் பக்கம் ஆறு.
வேலியோரம் பதினாலு.
எலுமிச்சைக்குள்ள சாஞ்சது ஒண்ணு,
முட்டுக் கொடுத்தா பிழைச்சிரும்,
அதைச் சேக்காதீங்க சார்.
ஆக எழுபத்து மூணு.
மொழிபெயர்த்தேன். அர்பாப் தலையசைத்தார்.
எழுபத்தைந்தாக்கி விடு என்றுகூடச் சொல்லவில்லை.

பட்டியல் முன்னால் கூட்டம்.
கார்ச் சாவியால் வரிசையைத் தொட்டுத் தொட்டு
தன் பெயரைத் தேடியவர்கள்
அடுத்தவன் பெயரில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார்கள்.
சங்கையாவுக்கு அரபி எழுத்து தெரியாது,
எண் தெரியும், தண்ணீர் மீட்டரில் படித்தது.
எழுபத்து மூன்றைக் கண்டுபிடித்தான்.
பிறகு விரல் கீழே இறங்கி
நாற்பத்தேழாம் வரிசையில் நின்றது.
முந்நூற்றுப் பத்து.

யார் தோட்டம் சார் இது?
எண்ணைப் படித்தேன்.
அவன் சிரிப்பதற்கு வாயைத் திறந்து
பாதியில் மூடிக்கொண்டான்.
அங்கே மொத்தமே தொண்ணூறு மரம்,
புயல் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை.
போன வருசம் வரை சாயங்காலத் தண்ணி நான்தான்.

அந்த முந்நூற்றுப் பத்தையும் தட்டியது நான்தான்.
ஏ.சி. வண்டியில் வந்தார், குறிப்புச் சீட்டு நீட்டினார்,
மீதிச் சில்லறை வேண்டாம் என்றார்.
கர்சர் அன்றும் திரும்பத்தான் செய்தது.
நான் இதை அவனிடம் சொல்லவில்லை.

பதினோராம் தாளின் அடியில்
எறும்பு எழுத்தில் ஒரு வரி:
ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள்,
மூன்றாம் கவுண்டரில், ஆதாரத்துடன்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம்
பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து வந்தான்.
ஒண்ணு அடிக்கணும் சார்.
யோசிச்சியா, என்றேன்.
சாயங்காலம் நீ செய்த வேலை
உன் பதாக்காவில் இல்லாத வேலை.
எழுதிக் கொடுத்தால் முதலில் மாட்டுவது நீ.
அதுக்குத்தான் பன்னெண்டு நாள் ஆச்சு, என்றான்.

பெயர். பதாக்கா எண்.
தோட்டத்துக்கும் உங்களுக்கும் உறவு என்ன?
உரிமையாளர், வாரிசு, அண்டைத் தோட்டக்காரர்:
மூன்று கட்டம், மூன்றும் அவனுக்கில்லை.
ஓரத்தில் 'மற்றவை' இருந்தது.
தண்ணி விட்டவன்னு போடுங்க.
அரபியில் அதற்கு ஒரே சொல் போதும்.

ஆதாரம் என்று அவன் வைத்தது
சிமென்ட் சாக்கு நூலில் தைத்த ஒரு நோட்டு.
எந்த ராத்திரி எந்த மரத்துக்கு எவ்வளவு நேரம்,
மரத்துக்கொரு கோடு.
எண்ணிப் பார்த்தேன்.
ஒருமுறை எண்பத்தொன்பது வந்தது.
மறுபடி எண்ணினேன். தொண்ணூறு.
ஒன்பது வருடத்தில் முதன்முறையாக
தட்டுவதற்கு முன்னால் எண்ணினேன்.

காசு வேண்டாம் என்றதற்கு
அரை ரியால் நோட்டை விசைப்பலகை மேல் வைத்தான்.
ரசீது குடுங்க சார்,
கணக்குன்னா கணக்குதான்.

மூன்றாம் கவுண்டர் இரண்டு மணிக்கு மூடும்.
வெயிலில் வேகமாக நடந்தான்,
கக்கத்தில் தாளும் தோளில் ஒரு சவுக்குக் கழியும்.
எலுமிச்சைக்குள் சாய்ந்த மரத்துக்கு
முட்டுக் கொடுக்க என்று
காலையிலேயே வாங்கி வைத்திருந்தானாம்.