மிச்சம் மூன்று

ஒன்று ஏற்கெனவே போயிற்று,
நாவற்குடாப் பள்ளத்தில்.
உருண்டு வாய்க்காலுக்குள் இறங்கியதைக்
கண்ணாடியில் கண்டும் நிறுத்தவில்லை நான்.

மிச்சம் மூன்றையும் இன்று கழற்றினேன்.
கேபிள் டையை நகவெட்டியால் நறுக்க
வெள்ளிப் பூச்சு வீல் கப்
அப்பளம்போல் கையோடு வந்தது.
உள்ளே இரும்பு. நாலு நட்டு.
கல்லடிக் கடற்கரை மணல் ஒரு பிடி.

கம்பித்தூரிகையால் துருவைச் சுரண்டிக்
கறுப்புப் பெயின்ற் அடித்துக்கொண்டிருக்க
மதிலால் எட்டிப் பார்த்தான் துஷாகரன்:
"இதென்ன கா கோலம்,
தோடு கழற்றின காது மாதிரி!"

லீசிங் கட்ட
மாசியில் அடகு வைத்த என் தோட்டை
அவன் இன்னும் கவனிக்கவில்லை.

தூரப் போய் நின்று பார்த்தேன்.
பரவாயில்லை,
நாலு காலும் இப்போது
ஒரே ஆளுடையது.

கழற்றிய மூன்றிலும்
கோழிக்குத் தண்ணீர் வைக்கலாமென்றால்
எல்லாம் ஓட்டை.