சுற்றும்போது உள்ள சூடு

மயிலிட்டியில், அரைவாசி எழும்பிய வீட்டுக்குள்
சீமெந்துப் பைகளின் மேல் என் மடிக்கணினி.
மிரிக் கடலில் இருந்து ஃபைசுல் கேட்கிறான்:
இன்றிரவு கலவை இறக்குகிறோம், கடைசி எண் எது?

மூவாயிரத்து நானூறு மீற்றர் ஆழத்தில்
எவரும் போகாத இடத்தின் சூட்டை
பூவரச நிழலில் இருந்து நான் சொல்லவேண்டும்.

கையில் உள்ளவை:
பக்கத்துக் கிணறு ஒன்றின் பழைய பதிவேடு,
நூறு மீற்றருக்கு மூன்று பாகை என்ற கணக்கு,
கம்பியில் இறங்கிய வெப்பமானி சொன்ன பொய்.

பொய் என்றால் மனமறிந்த பொய் இல்லை.
சேறு சுற்றிக்கொண்டிருக்கும்வரை துளை குளிர்ந்துதான் இருக்கும்.
பம்பை நிறுத்திவிட்டு
ஒன்றரை நாள் பேசாமல் இருந்தால்
பாறை மெல்லத் தன் சூட்டுக்குத் திரும்பும்.
நின்றால் நூற்று முப்பது.
சுற்றினால் தொண்ணூற்றெட்டு. ஆக இருக்கலாம்.
இடையில் உள்ள முப்பத்திரண்டு பாகைக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

போன வருடம் பதினொரு பாகை குறைத்துச் சொன்னேன்.
நாலு மணித்தியாலம் ஓடவேண்டிய கலவை
ஐம்பது நிமிடத்தில் குழாய்க்குள்ளேயே கல்லாயிற்று.
மூன்று வாரம் துளைத்தெடுத்தார்கள்.
ஒருவரும் ஏசவில்லை.
அட்டவணையில் என் எண்ணுக்கு மட்டும் சிவப்பு அடித்தார்கள்.
கூட்டிச் சொல்லியிருந்தாலும் தப்பில்லை என்று இல்லை;
உறைய மறந்த சீமெந்துக்குள்
வாயு தனக்கொரு வழி பார்த்துக்கொள்ளும்.

மார்க்கமில் இருந்து அக்கா.
"என்ன மாதிரி?"
"பரவாயில்லை. தூண் போட்டாச்சு."
"மணல் என்ன விலை?"
சொன்னேன். அங்கே பனி கொட்டுகிறதாம்.
"அந்தக் கிணத்துப் பங்கு..."
"பிறகு கதைப்பம்."
வைத்த பிறகுதான் எனக்கு ஏறத் தொடங்கும்,
சில வேளை புதன்கிழமைவரை.
அவள் பக்கத்து அளவு என்னிடம் இல்லை.

பத்து மணிக்கு றெஜினோல்ட் கத்தினான்:
மூன்றாம் தூண் இறுகேல்லை!
ஆணியை வைத்தான், புட்டுக்குள் போவதுபோல் போயிற்று.
முதலில் பையில் பிழை என்றான்,
பிறகு கிணற்று உப்பு என்றான்,
பிறகு மதிலுக்கு அப்பால் உள்ளவர்களின் கண் என்றான்.

நான் தொட்டுப் பார்த்தேன். குளிர்.
இறுகுகிற சீமெந்துக்கு உள்ளே ஒரு காய்ச்சல் இருக்கும்,
இதற்கு இல்லை.
டிலக்சன் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல்
சாந்தகப்பையைக் கழுவிக்கொண்டே நின்றான்.
"நேற்று தேத்தண்ணி வாளி கவிண்டது அக்கா.
கலவைக்குள்ள."
"சீனி போட்டதோ?"
"ஆறு பேருக்கு."

சிரித்துவிட்டேன். றெஜினோல்டுக்குக் கோபம்.
ஒரு பைச் சீமெந்தை மயக்க ஒரு பிடி சீனி காணும்.
கடல் மேடையில் நாங்களே ஒரு மூட்டை வைத்திருப்போம்,
கணக்குப் பிழைத்த இரவில் தொட்டிக்குள் கொட்ட.
"அப்ப உடைக்கவோ?"
"நாளைக்குப் பாப்பம். பலகையைக் கழட்டாதை."

பின்னேரம் ஃபைசுலுக்கு எழுதினேன்: தொண்ணூற்றெட்டு.
அனுப்பவில்லை.
அழித்து நூற்றியொன்று என்று எழுதி அனுப்பினேன்.
அந்த மூன்று பாகை
பாறையுடையது இல்லை, என்னுடையது.

இரவு இரண்டு இருபதுக்குச் செய்தி:
அடைப்பு போய் இருந்துவிட்டது. அழுத்தம் நிற்கிறது.
அவ்வளவுதான்.
இனி எங்கள் தொழிலில் ஒரு வேலை உண்டு,
பதிவேட்டில் மணிக்கணக்குப் போட்டு எழுதுவோம்:
சீமெந்துக்காகக் காத்திருத்தல்.

நித்திரை வரவில்லை.
ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு போய்
பலகை இடுக்கில் பெருவிரலை வைத்தேன்.
கொஞ்சம் சூடு மாதிரி இருந்தது.
பகல் வெயில் மிச்சமாகவும் இருக்கலாம்.